முகாமில் முதலில் வேண்டியது மருந்தா, தண்ணீரா?

"போரில் சிக்கியவர்களுக்கும் அகதிகளுக்கும் உதவ வேண்டுமென்றால் மருத்துவர்களையும் மருந்துகளையும் உடனே அனுப்பிவிட்டால் போதாதா? உதவி அமைப்புகள் முதல் சில வாரங்களைத் தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, தடுப்பூசி, இறந்தவர்களின் கணக்கு என்று ஏன் செலவிடுகின்றன?" என்பது கேள்வி. மருத்துவம் என்றாலே மருத்துவமனை என்று பழகிவிட்ட நமக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. ஆனால் கடந்த ஐம்பது ஆண்டுகளில் அகதி முகாம்களில் யார், எப்போது, எதனால் இறந்தார்கள் என்பது ஓரளவு நன்றாகவே பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவுகளைப் படித்தவர்கள் தண்ணீரையும் கழிப்பறையையும் மருத்துவத்துக்கு வெளியே வைத்துப் பேச மாட்டார்கள்.

சண்டை நடக்கும் ஊரில் குண்டும் துப்பாக்கியும் கொல்கின்றன. அங்கிருந்து தப்பி வந்தவர்கள் ஓரிடத்தில் நெருக்கியடித்துத் தங்கத் தொடங்கியதும், வயிற்றுப்போக்கு, தட்டம்மை, நிமோனியா, மலேரியா ஆகிய நான்கும் உயிரெடுக்கத் தொடங்குகின்றன. நடந்து நடந்து உணவின்றி மெலிந்த உடலில் இந்த நான்கில் எது வந்தாலும் அது பல மடங்கு கொடியதாகிறது. முதலில் இறப்பவர்கள் பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இவற்றில் எதுவும் புதிய நோயுமல்ல, மருத்துவம் அறியாத நோயுமல்ல. எனவே முகாமில் ஒரு குழந்தை வயிற்றுப்போக்கால் இறந்தால், அதற்குரிய மருந்து உலகில் இல்லை என்பதற்காக அது இறக்கவில்லை. இருந்தது உரிய நேரத்தில் உரிய கைக்குப் போகவில்லை என்பதாலேயே இறக்கிறது.

இதை விளக்க, நம் நாட்டிலேயே நடந்ததும் உலக மருத்துவத்தை மாற்றியதுமான ஒரு நிகழ்வைச் சொல்வதே சரியாக இருக்கும். 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் இராணுவம் தொடங்கிய வேட்டையைத் தொடர்ந்து, கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து மக்கள் இந்தியாவுக்குள் வரத் தொடங்கினார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வந்தவர்கள் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர். மேற்கு வங்கம், திரிபுரா, அசாம், மேகாலயா ஆகிய பகுதிகளில் பள்ளிக்கூடங்களிலும், தார்ப்பாய்களுக்குக் கீழும், பெரிய கழிவுநீர்க் குழாய்களுக்குள்ளும் அவர்கள் தங்கினார்கள். மழைக்காலம் தொடங்கியதும் காலரா பரவியது. எல்லையோரத்தில் இருக்கும் போங்காவ் என்ற சிற்றூரைச் சுற்றி மட்டும் சுமார் மூன்றரை லட்சம் அகதிகள் இருந்தார்கள். அந்த ஊர் மருத்துவமனையில் காலரா நோயாளிகளுக்கென இருந்தவை இரண்டே அறைகள்.

காலரா எப்படிக் கொல்கிறது என்று தெரிந்தால்தான் பின்னர் நடந்ததன் அருமை புரியும். அந்தக் கிருமியின் நச்சு குடலிலிருந்து நீரையும் உப்பையும் இடைவிடாமல் வெளியேற்றுகிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர் ஒரே நாளில் பத்து லிட்டருக்கும் மேல் இழக்கக்கூடும். காலையில் நடமாடிக்கொண்டிருந்தவர் மாலைக்குள் இறந்துபோவதும் உண்டு. ஆகவே சிகிச்சையின் சாரம், இழந்த நீரையும் உப்பையும் இழந்த வேகத்திலேயே திருப்பிக் கொடுப்பதுதான். அன்றைய முறைப்படி அதை நரம்பு வழியாக, சலைன் ஏற்றியே செய்தார்கள். அதற்குக் கிருமி நீக்கிய பாட்டில்கள் வேண்டும், ஊசியும் குழாயும் வேண்டும், வற்றிச் சுருங்கிய நரம்பைக் கண்டுபிடித்து ஊசி செலுத்தத் தெரிந்த கை வேண்டும். ஒரு நோயாளிக்கே பல பாட்டில்கள் தேவைப்படும்போது, ஆயிரக்கணக்கானவர்களுக்கு எங்கே போவது?

கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தில் பணியாற்றிய திலீப் மஹாலனபிஸ் என்ற குழந்தை மருத்துவர், ஜூன் மாத இறுதியில் தம் குழுவினருடன் போங்காவுக்குப் போனார். நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். சலைன் ஏற்ற வேண்டுமென்றால் அவர்களுடைய மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டுத்தான் ஏற்ற வேண்டியிருந்தது என்று பிற்காலத்தில் அவர் கூறியிருக்கிறார். குழுவில் சலைன் ஏற்றப் பயிற்சி பெற்றவர்கள் இருவர் மட்டுமே. இந்தப் போரில் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் அவருக்கு விளங்கிவிட்டது.

அப்போது அவர் எடுத்த முடிவுக்குப் பின்னால் ஓர் அறிவியல் உண்மை இருந்தது. காலராவால் பாதிக்கப்பட்ட குடல் வெறும் உப்புநீரை உறிஞ்சாது. ஆனால் அதனோடு குளுக்கோஸும் சேர்ந்தால், குளுக்கோஸ் உட்புகும் வழியிலேயே சோடியமும் புகும், சோடியத்தைத் தொடர்ந்து நீரும் புகும். அந்த வழியைக் காலரா நச்சு அடைப்பதில்லை. டேவிட் நேலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரு இளம் மருத்துவர்கள் டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தில் இதை நோயாளிகளிடம் சோதித்து 1968-இல் முடிவுகளை வெளியிட்டிருந்தார்கள். ஆனால் அது மருத்துவர்களின் நேரடிக் கண்காணிப்பில், உட்சென்றதும் வெளியேறியதும் அளக்கப்பட்ட வார்டுகளில் நடந்தது. உப்பின் அளவு கூடிவிட்டால் ஆபத்து என்பதால், இதைச் சாதாரண மக்களின் கையில் கொடுக்க மருத்துவ உலகம் தயங்கியது. மஹாலனபிஸுக்குத் தயங்க நேரமில்லை.

ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட அளவு. கல்கத்தா மையத்தில் இவற்றை நிறுத்துக் கலந்து, பாலிதீன் பைகளில் இட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டி, முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே குழாய் பொருத்திய டிரம்களில் கரைசல் தயாரானது. நோயாளியின் தாயோ தங்கையோ மகனோ குவளையில் பிடித்துப்போய்ப் புகட்டினார்கள். அதற்காகச் சலைன் கைவிடப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நாடித்துடிப்பே கிட்டாமல், குடிக்கவும் இயலாமல் கிடந்தவர்களுக்கு முதலில் சலைன் ஏற்றினார்கள். குடிக்கும் நிலைக்கு வந்ததும் கரைசலுக்கு மாற்றினார்கள். இருந்த கொஞ்சம் சலைனும் அதனால் அது இன்றியமையாதவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

இரண்டு மாதங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இப்படிச் சிகிச்சை பெற்றார்கள். இறந்தவர்கள் 3.6 சதவீதம். சலைனை மட்டுமே நம்பியிருந்த நிலையில் இறப்பு இருபது முதல் முப்பது சதவீதம் வரை இருந்தது. ஒரு லிட்டர் கரைசலுக்கு ஆன செலவு 11 பைசா. உலக சுகாதார நிறுவனத்தில் பணியாற்றிய திமான் பருவா முகாமுக்கே வந்து இதைப் பார்த்தார். பிறகு இந்த முறையை உலகெங்கும் கொண்டுசெல்ல உழைத்தார். இன்று கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பெட்டிக் கடையிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் வரலாறு இது. 2022-இல் மஹாலனபிஸ் மறைந்தார். பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது அடுத்த ஆண்டு, அவர் இறந்த பிறகு. கோடிக்கணக்கான குழந்தைகளைக் காத்த ஒரு மருந்தின் பின்னால் இருந்தவரை அவர் வாழ்ந்த காலத்தில் நம்மில் பலர் அறியாமலே போனது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

போங்காவில் உயிர்களைக் காத்தது ஒரு புதிய மருந்து என்று மட்டும் இதைப் படித்தால் பாதியைத்தான் படித்ததாகும். சிகிச்சை மருத்துவரின் கையிலிருந்து தாயின் கைக்கு மாறியது என்பதே மறுபாதி. அகதி முகாமில் எப்போதும் மருத்துவர்கள் குறைவு, நோயாளிகள் அதிகம். இன்னும் பத்து மருத்துவர்களை அனுப்பினாலும் அந்த விகிதம் பெரிதாக மாறாது. மருத்துவர் இல்லாமலேயே செய்யக்கூடியது எது என்று பிரித்தெடுத்து, அதை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று முடிவு செய்வதுதான் அங்கே மருத்துவரின் முதல் வேலை. கடும் ஊட்டச்சத்துக் குறைவை இன்று கண்டறிவதும் இப்படித்தான்: குழந்தையின் மேற்கையைச் சுற்றும் ஒரு வண்ண நாடா 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே காட்டினால் குழந்தை ஆபத்தில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் சிவப்பு நிறத்தைப் பார்த்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். வேர்க்கடலையும் பால்பொடியும் கலந்த சத்துப் பசையை வாங்கிக்கொண்டு குடிசைக்கே திரும்பலாம்.

ஆனால் ஓ.ஆர்.எஸ். கண்டுபிடிக்கப்பட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலான பிறகும் காலரா ஒரு முகாமைச் சூறையாடியது. 1994 ஜூலையில், ருவாண்டாவில் டுட்சி மக்களை இனப்படுகொலை செய்த ஹூட்டு ஆட்சி வீழ்ந்தபோது, சில நாட்களுக்குள் பல லட்சம் ஹூட்டு மக்கள் எல்லையைக் கடந்து அன்றைய ஜயிர் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நாட்டின் கோமா நகரைச் சுற்றிக் குவிந்தார்கள். அங்கே நிலம் எரிமலைக் குழம்பு இறுகிய பாறை. கழிப்பறைக் குழி தோண்ட முடியவில்லை, சவக்குழியும் தோண்ட முடியவில்லை. குடிக்கக் கிடைத்தது பெரும்பாலும் கிவு ஏரியின் நீர். வந்து ஒரு வாரத்துக்குள் காலரா வெடித்தது. அது தணியும்போது மருந்துகளுக்கு அடங்காத இரத்தபேதி தொடர்ந்தது. முதல் மாதத்தில் மட்டும் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் இறந்தார்கள்.

கோமாவில் உலகத்தின் மருத்துவ உதவி இல்லாமல் இல்லை. தொலைக்காட்சிகள் காட்டின, விமானங்கள் இறங்கின, அமைப்புகள் குவிந்தன. ஆனால் முதல் வாரத்தில் சுத்திகரித்த நீர் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 0.2 லிட்டர்தான், அதாவது ஒரு டம்ளர்தான் கிடைத்தது. காலரா நோயாளி ஒருவருக்கே ஒரு நாளில் பல லிட்டர் கரைசல் வேண்டும் என்கிறபோது, பொட்டலத்தைக் கரைக்கவே நீர் இல்லாத இடத்தில் பொட்டலம் என்ன செய்யும்? வந்த பணியாளர்களில் பலர் காலராவை அதற்கு முன் கண்டதில்லை. மிக மெதுவாகவும் குறைவாகவும் நீரேற்றியதால் பிழைத்திருக்க வேண்டியவர்களும் இறந்தார்கள். இதற்கெல்லாம் மேலாக, முகாம்களின் நிர்வாகம் இனப்படுகொலையை நடத்தியவர்களின் கையிலேயே இருந்தது. உணவுப் பங்கீட்டைக் கட்டுப்படுத்தியவர்களும் அவர்களே. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு அந்த ஆண்டு நவம்பரில் முகாம்களைவிட்டு வெளியேறியது. நோயாளியை விட்டுவிட்டுப் போவது சரியா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். கொலைகாரர்களுக்குத் தீனி போடும் உதவியை உதவி என்று சொல்ல முடியாது என்ற அவர்களுடைய வாதத்தில் நியாயம் இருப்பதாகவே நான் கருதுகிறேன். ஆனால் அங்கேயே தங்கிய அமைப்புகளைக் குறை சொல்லவும் என்னால் இயலவில்லை.

உதவி அமைப்புகள் முதல் வாரத்தில் தண்ணீரைப் பற்றியே பேசுவதற்குக் கோமா ஒரு முக்கியக் காரணம். அந்த அனுபவத்துக்குப் பிறகு அமைப்புகள் பல கூடி 1997-இல் ஸ்பியர் என்ற பெயரில் குறைந்தபட்ச அளவுகளை வகுக்கத் தொடங்கின. ஆளொன்றுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர், இருபது பேருக்கு ஒரு கழிப்பறை என்பன அவற்றுள் சில. இறந்தவர்களை எண்ணுவதும் இதில் சேர்ந்ததே. நாளொன்றுக்குப் பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு மேல் இறந்தால் அது அவசர நிலை என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் அளவுகோல். கோமாவில் அது இருபதைத் தாண்டியது. இந்தக் கணக்கை எடுக்கச் சுடுகாட்டிலும் இடுகாட்டிலும் ஆள் நிறுத்துகிறார்கள், சில முகாம்களில் இறந்தவரின் குடும்பத்துக்கு இலவசமாகக் கோடித்துணி கொடுத்து அதை வைத்து எண்ணுகிறார்கள். கேட்பதற்குக் கொடுமையாக இருக்கலாம். ஆனால் மருத்துவ முகாமுக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால், வர முடியாமல் குடிசையிலேயே இறந்த குழந்தை கணக்கில் வராது. கணக்கில் வராத குழந்தைக்காக யாரும் ஒரு குழாயைக்கூட நீட்டிப் போட மாட்டார்கள்.

தட்டம்மையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நெரிசலில் அதைவிட வேகமாகப் பரவும் நோய் வேறில்லை என்பதால், ஒருவருக்கும் நோய் வராத நிலையிலேயே, ஆறு மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுவரை எல்லோருக்கும் தடுப்பூசியும், குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ-யும் கொடுத்துவிடுவது இன்று முதல் வரிசை வேலை.

பாடம் கற்றதன் பயனை வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் காணலாம். 2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு மியான்மரின் ரக்கைன் மாநிலத்திலிருந்து ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்கள் சில மாதங்களுக்குள் அங்கே வந்து சேர்ந்தார்கள். மழை, சேறு, மலைச்சரிவு, நெரிசல் என்று காலராவுக்கு வேண்டிய எல்லாமே குட்டுப்பலாங் முகாமில் இருந்தன. அக்டோபரிலேயே வாய்வழிக் காலராத் தடுப்பு மருந்து கொடுக்கத் தொடங்கி, இரண்டு சுற்றுகளில் சுமார் ஒன்பது லட்சம் தவணைகள் கொடுத்து முடித்தார்கள். அஞ்சிய பெருங்காலரா வரவில்லை. ஆனால் நவம்பரில் வேறொன்று வந்தது: தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியா. பல மருத்துவர்கள் பாடநூலில் மட்டுமே படித்திருந்த அந்த நோயால் ஆயிரக்கணக்கானவர்கள் பாதிக்கப்பட்டு நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கான எதிர்நச்சு மருந்து உலகிலேயே மிகக் குறைந்த அளவில்தான் கையிருப்பில் இருந்ததால், யாருக்குக் கொடுப்பது, யாருக்கு நிறுத்துவது என்று மருத்துவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சொந்த மண்ணில் மருத்துவமனைக்குப் போகவே அனுமதி தேவைப்பட்ட ஒரு மக்களுக்கு வழக்கமான தடுப்பூசிகள் ஒழுங்காகக் கிடைக்காமல் போனதன் விளைவு அது. முகாமில் காணும் நோய் பல சமயம் முகாமில் பிறப்பதில்லை. முந்தைய ஆண்டுகளின் ஒடுக்குமுறை அங்கே வந்து வெளிப்படுகிறது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அந்த முகாம்களில் எடுத்த இறப்புக் கணக்கெடுப்பின்படி, ஆகஸ்ட் 25-க்குப் பிந்தைய ஒரே மாதத்தில் மியான்மரில் வன்முறையால் இறந்த ரோஹிங்கியாக்கள் குறைந்தது 6,700 பேர். நோய்க்காக எடுத்த கணக்கு சாட்சியமாகவும் ஆனது.

இதுவரை சொன்னவை எல்லாம் எல்லையைத் தாண்டி வந்தவர்களைப் பற்றியவை. தாண்ட முடியாமல் சண்டைக்குள்ளேயே சிக்கியவர்களின் நிலை வேறு. அங்கே அறிவும் மருந்தும் இருந்தாலும் வழி இருக்காது. தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. 2008 செப்டம்பரில் இலங்கை அரசு ஐ.நா. பணியாளர்களையும் தொண்டு நிறுவனங்களையும் வன்னியிலிருந்து வெளியேறச் சொன்ன பிறகு, சர்வதேச செஞ்சிலுவைக் குழு அங்கே தொடர்ந்து இயங்கியது. 2009 பிப்ரவரித் தொடக்கத்தில் புதுக்குடியிருப்பு மருத்துவமனை மீண்டும் மீண்டும் எறிகணை வீச்சுக்கு உள்ளாகி, நோயாளிகள் புதுமாத்தளனுக்கு மாற்றப்பட்டார்கள். அங்கிருந்து வெளியேறக் கடல்வழி ஒன்றுதான் இருந்தது. படுகாயமுற்றவர்களை மீன்பிடிப் படகுகளில் ஏற்றி, கரைக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த கப்பலுக்குக் கொண்டுசேர்த்தார்கள். கப்பல் முதலில் திருகோணமலைக்கும், பிறகு புல்மோட்டைக்கும் போனது. புல்மோட்டையில் இந்தியாவிலிருந்து வந்த மருத்துவக் குழு ஒன்று மருத்துவமனை நடத்தியது. பிப்ரவரி 10 முதல் மே 9 வரை இப்படி வெளியேற்றப்பட்ட நோயாளிகளும், காயமடைந்தவர்களும், அவர்களுடன் போன உறவினர்களும் கிட்டத்தட்ட பதினான்காயிரம் பேர். அதன் பிறகு கப்பலால் கரையை நெருங்க முடியவில்லை.

ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கை, மயக்க மருந்து உள்ளிட்ட பொருட்கள் போதிய அளவில் அனுமதிக்கப்படாததையும், மருத்துவமனைகள் தாக்கப்பட்டதையும், மக்கள் வெளியேறுவதை விடுதலைப் புலிகள் தடுத்ததையும் பதிவு செய்கிறது. இறுதிவரை அங்கே பணியாற்றிய அரசு மருத்துவர்களின் திறமையில் குறையே இல்லை. மருத்துவம் படித்த ஒருவர் மயக்க மருந்தின்றி உறுப்பை நீக்க நேர்வது மருத்துவத்தின் தோல்வியன்று. போரிடுவோரின் மனமின்றி ஒரு பெட்டி மருந்தும் உள்ளே போகாது என்பதுதான் அங்கே நிலைமை. எனவே போர்ப் பகுதியில் மருத்துவ உதவியின் பெரும்பகுதி பேச்சுவார்த்தையாக இருக்கிறது: எந்தப் பாதை, எத்தனை மணிக்கு, யார் சோதனையிடுவார்கள், ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்று இரு தரப்போடும் நாள்தோறும் பேச வேண்டும். காயமடைந்தவரும் அவருக்குச் சிகிச்சை தருபவரும் தாக்கப்படக் கூடாது என்பது 1864-இன் முதல் ஜெனீவா ஒப்பந்தத்திலிருந்தே சட்டம். இருப்பினும் 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குந்தூசில், இருப்பிடத்தை முன்கூட்டியே தெரிவித்திருந்த மருத்துவமனை ஒன்றை அமெரிக்க விமானம் தாக்கி 42 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஐ.நா. பாதுகாப்பு அவை இத்தகைய தாக்குதல்களைக் கண்டித்து 2286-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. மருத்துவமனைகள் மீதான தாக்குதல்கள் அதன் பிறகும் ஓயவில்லை.

சிரியா, உக்ரைன் போன்ற நாடுகளிலிருந்து வரும் அகதிகளின் தேவைகள் சற்று மாறுபட்டவை. அவர்களில் நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நாட்பட்ட நோயுள்ளவர்கள் அதிகம். இன்சுலின், இரத்த அழுத்த மாத்திரை, டயாலிசிஸ் ஆகியவை தடைபட்டாலே உயிருக்கு ஆபத்து. அவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நேற்றுவரை என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்பதுதான்.

இனி "மருந்தை அனுப்பினால் போதாதா" என்ற பகுதிக்கு நேரடியாக வருகிறேன். 1992 முதல் 1996 வரை போஸ்னியப் போரின்போதும் அதை அடுத்தும் உலகெங்கிலுமிருந்து நல்லெண்ணத்தோடு அனுப்பப்பட்ட மருந்துகளில் சுமார் 17,000 டன் பயன்படாதவை என்று ஒரு மதிப்பீடு வெளியானது. காலாவதியானவை, பாதி தின்ற மாத்திரை அட்டைகள், அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் பெயர் அச்சிட்டவை என்று கிடங்குகள் நிறைந்தன. உண்மையில் தேவைப்பட்ட மருந்துகளை அவற்றுக்கு நடுவிலிருந்து தேடி எடுக்க வேண்டியிருந்தது, மிச்சத்தைப் பாதுகாப்பாக அழிக்கவும் செலவு செய்ய வேண்டியிருந்தது. இத்தகைய அனுபவங்களால்தான் மருந்து நன்கொடைக்கான சர்வதேச விதிமுறைகள் 1996-இல் வந்தன: பெறுபவர் கேட்டதை மட்டுமே அனுப்ப வேண்டும், போய்ச் சேரும்போது காலாவதிக்குக் குறைந்தது ஓராண்டாவது மிச்சம் இருக்க வேண்டும்.

ஆகவே வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளைத் திரட்டி அனுப்புவதை அருள்கூர்ந்து தவிர்த்துவிடுங்கள். பத்தாயிரம் பேருக்கு மூன்று மாதங்களுக்குப் போதுமான மருந்துகளும் கருவிகளும் அடங்கிய அவசரகாலப் பெட்டிகளை உதவி அமைப்புகள் ஆயத்தமாக வைத்திருக்கின்றன. எந்த மருந்து எத்தனை என்று ஏற்கெனவே கணக்கிட்டு அடுக்கப்பட்ட அவை, கேட்ட சில நாட்களில் விமானம் ஏறிவிடும். நம்மால் தரக்கூடியது பணம் என்றால், அங்கே நேரடியாகப் பணியாற்றும் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, இந்த ஊருக்கு மட்டும், இந்த நோய்க்கு மட்டும் என்ற நிபந்தனையின்றித் தருவதே நல்லது. அந்தப் பணம் குளோரின் வாங்கவோ, தண்ணீர் லாரிக்கு டீசல் போடவோ, முகாமிலேயே வாழும் ஒரு பெண்ணுக்குச் சுகாதாரப் பணியாளர் பயிற்சி கொடுத்துச் சம்பளம் தரவோ செலவானால், அதுவும் மருத்துவச் செலவுதான்.